நாங்கள் கான்கூனுக்குப் போகவில்லை

போன மாசி மாதம் நானும் மச்சாளும் மெக்சிகோவின் கான்கூன் கடற்கரைக்குப் போய் வந்ததாக ரொறன்ரோவில் மோர்னிங்சைட்டிலிருந்து மார்க்கம் வரை ஒரு கதை உலாவுகிறது. பரப்பியவர்கள் நாங்கள்தான். கடலில் கால் நனைத்தோம், மணலில் படுத்திருந்தோம், ஹோட்டலில் மூன்று நேரமும் கைகட்டி நின்று சாப்பாடு தந்தார்கள் என்று கோயிலில் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னோம். நாங்கள் போன ஊரில் கடலே இல்லை. ஒரு வாய்க்கால் இருந்தது, அதிலும் தண்ணீர் இல்லை.

மெக்சிகோவின் வடக்கில் சொனோரா என்று ஒரு மாநிலம். அங்கே மலையடிவாரத்தில், ஸ்பானியர் வெள்ளி தோண்டிய காலத்தில் கட்டிய ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் போய் விசாரிப்பீர்கள். அந்த ஊர் எங்களைத் தாங்கியது போதும்.

விசாரிப்பு என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கலியாணப் பேச்சு வந்தால், பெண் வீட்டாரைப் பற்றியோ மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றியோ அவர்களுக்குத் தெரியாமல் நாலு பேரிடம் கேட்டு அறிவதுதான் விசாரிப்பு. என் கணவரின் அக்கா, அதாவது எனக்கு மச்சாள், என் மகனுக்கு மாமி, இந்தக் கலையில் கரை கண்டவர். லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் அவருக்கு அழைப்பு வரும். இன்னாரின் மகன் எப்படி, இன்னாரின் குடும்பம் எப்படி என்று கேட்பார்கள். மச்சாள் இரண்டு நாள் ரெலிபோனும் கையுமாக இருப்பார். பிறகு தீர்ப்பு வரும். அவரிடம் மூன்று தீர்ப்புகள்தான் உண்டு. "செய்யலாம்." "யோசியுங்கோ." "கதையை விடுங்கோ." அதற்கு மேல் ஒரு சொல் வராது. காரணம் கேட்டால் வாய் திறவாமல் கொடுப்புக்குள் சிரிப்பார்.

என்னையும் ஒரு காலத்தில் அவர் விசாரித்தவர்தான். தம்பிக்கு என்னைப் பேசியபோது அவர் கொடுத்த தீர்ப்பு "யோசியுங்கோ." என் கணவர் யோசிக்கிற பழக்கம் இல்லாதவர் என்பதால் கலியாணம் நடந்தது. நாற்பது வருடமாகிறது. இன்றுவரை மச்சாள் அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை. நானும் மறக்கவில்லை. மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் நல்ல ஒற்றுமை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் ஒரு தண்ணீர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறான். கூட வேலை செய்யும் பெண்ணை விரும்புகிறான். பெண் மெக்சிகோக்காரி. பார்க்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிறாள். அகதியாக வந்திறங்கிய புதிதில் நாங்கள் இருந்த அதே பார்க்டேல். சின்ன வயதிலேயே தாய் செத்துப்போக, பெரியம்மா வளர்த்த பிள்ளையாம். பெரியம்மா அந்த ஊரில் கோயிலுக்குப் பின்பக்கம் நீலக் கதவு போட்ட வீட்டில் தனியாக இருக்கிறாராம். இவ்வளவும் அவனாகச் சொன்னது. மேற்கொண்டு நான் வாயைத் திறக்க முன்னமே அவன் கையைத் தூக்கிவிட்டான்.

"அம்மா, ப்ளீஸ். உந்த விசாரிக்கிற வேலை ஒண்டும் வேண்டாம். ஐ ஆம் சீரியஸ். மாமியையும் கூப்பிடக்கூடாது. நீங்கள் விசாரிச்சால் நான் அவளை இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவே மாட்டன்."

"நான் ஏன் ராசா விசாரிக்கிறன்?"

"பிள்ளையாரைப் பாத்துச் சொல்லுங்கோ."

குளிர்பெட்டிக்கு மேலிருந்த பிள்ளையாரைப் பார்த்து, நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கமாட்டன் என்று சத்தியம் செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் அவளைக் கூட்டிவருவதாகச் சொன்னான். என்ன சமைப்பது என்றுகூட நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஆனால் எனக்கு நித்திரை வரவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. என் பிள்ளை எந்தக் கதவுக்குள் போகிறான், அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் எப்படி இருப்பது? அவர்களுக்குள் ஒரு சண்டை சச்சரவு வந்தால் நான் யாருக்கு ரெலிபோன் எடுப்பேன்? தாயைப் பார்த்துப் பெண்ணை எடு என்பார்கள். இங்கே தாயே இல்லை.

மச்சாளுக்கு வேறு வருத்தம். உலகத்தில் எந்த மூலையிலும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. நோர்வேயில் மீன்பிடிக் கிராமம் ஒன்றில்கூட ஆள் வைத்திருந்தார். மெக்சிகோவில்தான் யாரும் இல்லை.

"எனக்கு ஒருத்தரையும் தெரியாத ஊரிலை இருந்து பெட்டை எடுக்கிறான் உவன்," என்றார், மருமகன் தன்னை அவமானப்படுத்தத்தான் அப்படிச் செய்கிறான் என்ற மாதிரி. கொஞ்ச நேரம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நீர்தானே கேக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனீர்? நான் பண்ணேல்லை. நான் கேக்கிறன். நீர் பக்கத்திலை நில்லும்."

சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை என்று எனக்குப் பட்டது. பிள்ளையாரும் ஆட்சேபிக்கவில்லை. என் கணவருக்கு மட்டும் உண்மையைச் சொன்னோம், எயார்போட்டுக்குக் காரில் கொண்டுபோய் விட ஆள் வேண்டுமே. இறக்கிவிடும்போது, "அவன் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார்.

"கான்கூன் எண்டு சொல்லுங்கோ."

"கான்கூன், கான்கூன்," என்று பாடமாக்கிக்கொண்டு போனார்.

மெக்சிகோ நகரத்தில் விமானம் மாறி, பிறகு இன்னொரு சின்ன விமானம், பிறகு ஒரு வாடகைக் கார் என்று அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் வெள்ளையாக இருந்தது. சதுரமாக ஒரு பூங்கா, அதன் ஒரு பக்கம் மஞ்சள் கல்லில் கட்டிய பெரிய மாதா கோயில், மற்றப் பக்கங்களில் வளைவு வளைவாகத் தூண் வைத்த நீளமான தாழ்வாரங்கள். தெருவெல்லாம் உருண்டைக் கல் பதித்தது. மச்சாளின் முழங்கால் அந்தக் கல்லைக் கண்டதும் தமிழில் திட்டத் தொடங்கியது. வேஷம் மாறவேண்டும் என்று இரண்டு பேரும் சேலையை விட்டுக் காற்சட்டை போட்டிருந்தோம். பொட்டை அழிக்க மட்டும் மச்சாள் சம்மதிக்கவில்லை. "வேஷம் வேற, பொட்டு வேற," என்றார்.

விசாரிப்புக்கு விதிகள் உண்டு. சொந்தக்காரரிடம் கேட்கக்கூடாது, அவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள். நேராகக் கேட்கக்கூடாது, வேறு அலுவலாக வந்ததுபோல் கேட்கவேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, அவர்களைப் பிடிக்காத ஒருத்தரைக் கண்டுபிடித்துக் கேட்கவேண்டும். எதிரி சொல்வதில் பாதியைக் கழித்தால் மீதி சுத்தமான உண்மை என்பது மச்சாளின் கணக்கு.

வேறு அலுவல் ஒன்று அந்த ஊரில் தயாராக இருந்தது. அங்குள்ள பழைய வீடுகளை அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வயதான ஆட்கள் வந்து வாங்கித் திருத்திக்கொண்டு இருக்கிறார்கள். நாங்களும் வீடு பார்க்க வந்ததாக விடுதிக்காரரிடம் சொன்னோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, தலையை ஆட்டி, உடனே யாருக்கோ ரெலிபோன் எடுத்தார். வீட்டுச் சாவிகள் எல்லாம் வைத்திருக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார், ஆங்கிலமும் தெரியும், காலையில் வருவார் என்றார். மச்சாள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

காலையில் கோப்பி வந்தது. மண்சட்டியில் கறுவாப்பட்டையும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சுகிற கோப்பி. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ரொறன்ரோவில் என் கணவரும் மகனும் என்னைப் பொலிஸ்காரர் மாதிரிக் காவல் காப்பார்கள். மெக்சிகோவில் அந்தச் சட்டம் செல்லாது என்று நான் விமானத்திலேயே முடிவெடுத்திருந்தேன். மச்சாளின் கோப்பி பாகு மாதிரி இனித்ததாம். என்னுடையது வெறும் கறுப்புக் கசாயம். சீனி கேட்டேன். இல்லை என்று விடுதிக்காரர் கையை விரித்தார். பிறகு தாழ்வாரத்துக் கடையில், உள்ளே சர்க்கரை வைத்துச் சுட்ட தட்டை ரொட்டி ஒன்று கண்டு ஆசைப்பட்டுக் கேட்டேன். கடைக்காரி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே மச்சாளுக்கு இரண்டு எடுத்துக் கொடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த ஊரில் பெண் எடுக்கவே கூடாது என்று அந்த நிமிடத்தில் நினைத்தேன்.

மச்சாளுக்கு வேறு ஒரு பயம் இருந்தது. அது மாடு வளர்க்கிற நாடு, மூன்று நேரமும் மாட்டிறைச்சி. அவர் அதைக் கண்ணாலும் பார்க்கமாட்டார். ஆனால் எங்கே போய் இருந்தாலும், நாங்கள் வாயைத் திறக்க முன்னமே அவருக்கு அவித்த பயறும் சீஸும் ரொட்டியும்தான் வந்தது. "பிள்ளையார் எங்களோடைதான் வந்திருக்கிறார்," என்று மச்சாள் ஒவ்வொரு தட்டுக்கும் கும்பிட்டார்.

சாவிக்கார அம்மா வந்தார். குட்டையான மனுசி, பெரிய வைக்கோல் தொப்பி, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அரிசோனாவில் கன காலம் வீடுகளில் வேலை செய்ததால் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. அவர் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் மட்டும் அவர் எங்கள் தமிழிலேயே கதைக்கிறார், அந்த வாய்க்கு அதுதான் பொருந்துகிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

ஒரு வீடு, இரண்டு வீடு, மூன்று வீடு என்று கொண்டு திரிந்தார். வெளியே பார்த்தால் வெறும் சுவரும் ஒரு கதவும்தான். திறந்து உள்ளே போனால் நடுவில் பெரிய முற்றம், தோடை மரம், சுற்றிவர வளைவுகள். சில வீடுகளுக்குக் கூரையே இல்லை. வாங்கப் போகிறவர்கள் மாதிரி நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். மச்சாள், சமைக்கிற குசினி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார். சாவிக்காரியும் சும்மா இருக்கவில்லை. எத்தனை பிள்ளையள், என்ன வேலை, வீட்டிலை ஆர் சமைக்கிறது, பிள்ளையள் கலியாணம் கட்டினால் அவையோடையே போய் இருக்கிற பிளானோ என்று கல்லிலே நடந்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார். வீடு விற்கிறவர்கள் இப்படித்தான் கேட்பார்களாக்கும் என்று நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

மூன்றாவது வீட்டின் மொட்டைமாடியில் நின்று மச்சாள் தன் வேலையைத் தொடங்கினார். கோயிலுக்குப் பின்னால் நீலக் கதவு ஒன்று தெரிந்தது.

"அந்த வீடு விக்கிறதுக்கு இல்லையோ?" என்று, கொட்டாவி விடுவதுபோலக் கேட்டார்.

சாவிக்காரி முகத்தைச் சுளித்தார். "அதோ? அதை அவ விக்கமாட்டா. அவ ஒரு பொல்லாத மனுசி."

மச்சாளின் கண்கள் மின்னின. ஊருக்கு வந்த அடுத்த நாளே எதிரி கிடைத்துவிட்டார்.

"ஏன், அப்பிடியே?"

"வாய் காது மட்டும் நீளம். கோயிலுக்குப் போறது கும்பிட இல்லை, ஆர் வரேல்லை எண்டு பாக்க. கலியாணமும் கட்டேல்லை. கேட்டு வந்த ரெண்டு பேரும் தப்பிப் போட்டாங்கள். தங்கைச்சி செத்தாப்போலை அவளின்ரை பிள்ளையை வளர்த்தவ, அது ஒண்டுதான் செய்த நல்ல வேலை."

"பிள்ளை எப்பிடி?"

"பிள்ளை நல்லது. ஆனா பிடிவாதம். கோவம் வந்தால் கதைக்காது. சமைக்கவும் வராது, தண்ணியைக் கொதிக்க வைச்சாலும் அடிப்பிடிக்கும். இப்ப கனடாவிலை. அங்கை ஒரு பொடியனைப் பிடிச்சிருக்காம்."

"பொடியன் எப்பிடியாம்?" என்று மச்சாள் கேட்டார். அது விசாரிப்பில் சேராத கேள்வி. என்னைச் சீண்டுவதற்காகவே கேட்டார்.

"பொடியன் தங்கமாம். தாய்க்காரிதான் கொஞ்சம் கரைச்சலாம்."

"ஆர் சொன்னது?" என்று நான் கத்திவிட்டேன். மச்சாள் என் காலை மிதித்தார். சாவிக்காரி ஒன்றும் கவனியாதவர்போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார்.

பின்னேரம் பூங்காவில் ஊரே உலாவியது. குடும்பம் குடும்பமாக வந்து சதுரத்தைச் சுற்றி நடந்தார்கள். எங்களைக் கடந்தவர்கள் எல்லாரும் தலையசைத்தார்கள். வயதானவர்கள் தொப்பியைத் தூக்கினார்கள். மரியாதை தெரிந்த சனம் என்று மச்சாள் மெச்சினார். எனக்கோ, நாங்கள் ஊரைப் பார்க்கிறோமா, ஊர் எங்களைப் பார்க்கிறதா என்று ஒரு சந்தேகம். சொன்னேன். "உமக்கு எல்லாத்துக்கும் பயம்," என்று சொல்லி மச்சாள் எனக்குக் கிடைக்காத சர்க்கரை ரொட்டியைக் கடித்தார். நான் கரைச்சல் என்று மெக்சிகோவிலும் தெரிந்திருப்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சாவிக்காரி தானாகவே சொன்னார். "உங்களுக்கு அந்த நீலக் கதவு வீட்டிலைதான் மனம் போலை. வாங்கோ, காட்டிறன். என்னட்டைச் சாவி இருக்கு."

"அவ ஒண்டும் சொல்லமாட்டாவோ?"

"அவ இப்ப வீட்டிலை இல்லை."

கதவு திறந்தது. முற்றத்தில் எலுமிச்சை மரம், அதன் கீழ் ஒரு மேசை. மேசையில் கோப்பைகள் வைத்து, துணி மூடி, சாப்பாடு தயாராக இருந்தது. மூன்று கோப்பைகள். நான் ஏதோ பிழை என்று திரும்பியபோது சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கண்டேன். அதே எலுமிச்சை மரத்தின் கீழ் ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில், வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு, என் மகன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். போன வருடம் வேலை அலுவல் என்று சொல்லிப் போனவன் இங்கேதான் வந்திருக்கிறான்.

சாவிக்காரி தொப்பியைக் கழற்றி ஆணியில் கொழுவினார். ஏப்ரனைக் கட்டினார். "இப்ப அவ வந்திட்டா," என்றார்.

மச்சாள் "பிள்ளையாரே" என்று கதிரையில் இருந்துவிட்டார். நாற்பது வருட அனுபவத்தில் அவர் இப்படிப் பிடிபட்டதில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள் நாங்கள், அவர் சோற்றையே எடுத்துவிட்டார்.

"படத்திலை உங்களைக் காட்டினவன்," என்றார் அவர். "இருங்கோ. முதலிலை சாப்பிடுங்கோ. என்னைப் பற்றின கெட்டது எல்லாம் நானே சொல்லிப்போட்டன். இனி உங்கடையைச் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது, மச்சாள் பக்கத்திலிருக்கவே சொன்னேன். என்ரை வாயும் காது மட்டும் நீளம்தான் என்றேன். கோபம் வந்தால் சட்டி பானை உடைப்பேன் என்றேன். பிள்ளைக்குச் செய்துகொடுத்த சத்தியத்தில் ஓட்டை பார்த்துத்தான் இங்கே வந்தேன் என்றேன். ஒருத்தரையும் தெரியாத வீட்டுக்கு என் மகன் போவதை நினைத்தால் பயமாக இருக்கிறது, அவனுக்கு ஒன்று நடந்தால் நான் கூப்பிட ஆளில்லை என்றேன்.

அவர் ரொட்டியைத் துணியில் மூடி வைத்தார்.

"எனக்கும் உதே பயம்தான்," என்றார். "அங்கை ஒரே பனியாம். என்ரை பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் ஆர் கஞ்சி காய்ச்சிக் குடுக்கிறது?"

"நான் குடுப்பன்," என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணை நான் ஒருதடவைகூடக் கண்டதில்லை. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அது உண்மை என்றும் தெரிந்தது. அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினார். அதிலும் சீனி இல்லை.

வெளிக்கிடும்போது மச்சாள் ஒருவாறு குரலைச் சேர்த்துக்கொண்டு, நாங்கள் வந்ததைப் பொடியனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ என்று கேட்டார். அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார். "சத்தியமாச் சொல்லமாட்டன்," என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பொதியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கோதுமை மாவில் கையாலே வீசி வீசிச் செய்த ரொட்டி, ஒவ்வொன்றும் மேசைத் துணி அளவு, மடித்து, பூ வேலை செய்த துணியில் கட்டியிருந்தது. "இதை மட்டும் என்ரை பிள்ளையின்ரை கையிலை குடுங்கோ. அவள் இதைத் திண்டு ஒரு வருசமாச்சு."

அது எவ்வளவு பெரிய பொறி என்று வாடகைக் கார் ஊரைத் தாண்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. ரொட்டியைக் கொடுத்தால் நாங்கள் போனது தெரிந்துவிடும். தெரிந்தால் மகன் அவளை வீட்டுக்குக் கூட்டிவரமாட்டான். கொடுக்காவிட்டால் ஒரு தாய் கொடுத்துவிட்டதை நான் களவெடுத்ததாகும். விசாரிப்பில் மச்சாளை வெல்ல ஆளில்லை என்றிருந்தேன். அந்தக் குட்டை மனுசிக்குப் பக்கத்தில் மச்சாள் பச்சைக் குழந்தை.

"விமானத்திலை நாங்களே திண்டிடுவம்," என்றார் மச்சாள்.

"விசரோ உங்களுக்கு?"

"அப்ப எயார்போட்டிலை விட்டிட்டு வருவம். கஸ்டம்ஸிலை பறிச்சுப்போட்டாங்கள் எண்டு நினைச்சுக்கொள்ளும்."

நாற்பது வருடத்தில் மச்சாளின் சொல்லை நான் முகத்துக்கு நேரே மறுத்தது குறைவு. அன்று பொதியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ரொறன்ரோ வந்திறங்கும் வரைக்கும் கீழே வைக்கவில்லை.

எயார்போட்டில் கணவரை எதிர்பார்த்தால் மகன் நின்றான். வெளியே பனி கொட்டியது. பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு, காரை எடுத்தபடி, "கான்கூன் எப்பிடி, அம்மா?" என்றான்.

"நல்லது," என்று பின்சீற்றிலிருந்து மச்சாள் முந்திக்கொண்டார். "கடல் நல்ல நீலம்."

"உது என்ன மடியிலை?"

மச்சாள் என் கதிரையைப் பின்னாலிருந்து காலால் உந்தினார். இரண்டு தடவை உந்தினார். நான் அந்தத் துணியின் பூ வேலையைப் பார்த்தேன். எத்தனை பின்னேரம் இருந்து தைத்திருப்பார்? என் மகன் அவளை என் வீட்டுக்குக் கூட்டிவராமலே போகலாம். என்னோடு கதைக்காமலும் விடலாம். இருந்தாலும் ரொட்டி அவளுடையது.

"இது என்ரை இல்லை," என்றேன். "அவளின்ரை. அவளின்ரை பெரியம்மா குடுத்துவிட்டவ. நாங்கள் கான்கூனுக்குப் போகேல்லை, தம்பி."

அவன் திடுக்கிடவில்லை, காரை ஓட்டிக்கொண்டே இருந்தான். பனி துடைக்கிற தடிகள் அங்கும் இங்கும் ஆடின.

"அவ சொல்லிப்போட்டாவோ?" என்று கடைசியில் நானே கேட்டேன். "சத்தியம் பண்ணினவ."

"அவ என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை, அம்மா. நான்தான் அவவிட்டைச் சொன்னது." அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சிரிப்பை அடக்குகிறான். "நீங்கள் ஏறின அண்டைக்கே அப்பா சொல்லிப்போட்டார். கான்கூன் எண்டு தொடங்கினவர், பேந்து அடுத்த வசனம் வரேல்லை. உடனே அவவுக்கு போன் பண்ணினன். ரெண்டு பேர் வருகினம், வீடு வாங்க எண்டோ என்னவோ சொல்லுவினம், கேட்டதெல்லாம் காட்டுங்கோ எண்டு. அம்மாவுக்கு ஒருத்தரும் சுகர் குடுக்கக்கூடாது, மாமிக்கு பீஃப் குடுக்கக்கூடாது எண்டும் சொன்னனான். ஷீ டோல்ட் த ஹோல் டவுன்."

மச்சாள் மூன்று நாளாகக் கும்பிட்ட பிள்ளையார் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

கார் வீட்டுப் பக்கம், கிழக்கே, திரும்பவில்லை. தெற்கே இறங்கியது. எங்கை போறாய் என்று கேட்டேன்.

"பார்க்டேல். ரொட்டியை நீங்களே குடுங்கோ. அவள் தேத்தண்ணி வைச்சுக்கொண்டு இருக்கிறாள். சீனி இல்லாமல்."

அப்போது மச்சாள் தொண்டையைச் செருமினார். பொறுக்க முடியவில்லை அவருக்கு. "அது சரி, அவளின்ரை பெரியம்மா எங்களைப் பற்றி என்னவாம்?"

"அவவும் ரெண்டு நாள் விசாரிச்சவதானே, மாமி. நேற்று ரிசல்ட் சொன்னவ. உங்கடை சிஸ்டத்திலை சொல்லுறதெண்டால்..." அவன் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "உங்களைப் பற்றி, யோசியுங்கோ. அம்மாவைப் பற்றி, செய்யலாம்."

மச்சாள் பின்சீற்றில் பெல்ட்டை இன்னும் இறுக்கிக் கட்டினார். நான் யன்னல் பக்கம் திரும்பி, கொடுப்புக்குள் சிரிக்கத்தான் பார்த்தேன். ஆனால் கண் நிறைந்துவிட்டது. நாற்பது வருடமாக ஒருத்தரும் என்னைப் பற்றிச் சொல்லாத சொல் அது.